வெளியாருக்கான விண்ணப்பம்

எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் பென்சில் அக்காதான். ஆற்றில் ஒன்பது இடங்களில் நீர்மட்டம் அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பழுதுபார்ப்பது என் வேலை. கருவிகளைக் கொடுத்தது ஒருகாலத்தில் நம்மை ஆண்ட நாட்டின் பல்கலைக்கழகம். அளவுகள் தாமாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஆனாலும் அக்கா வாரம் இரண்டு முறை சேற்றில் இறங்கி, அளவுகோலைப் பார்த்துப் பென்சிலால் நோட்டில் எழுதுவார். மழையில் பேனா மை கரைந்துவிடுமே! காணொளிக் கூட்டத்தில் அந்த நோட்டைப் பார்த்து அந்த நாட்டுப் பேராசிரியர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த ஆற்றைப் பற்றித்தான் அக்கா முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். ஒப்படைக்க ஐந்து வாரம் இருக்கும்போது, ஆறு வருட அளவுகளை அனுப்பச் சொல்லி அந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்டார். வந்தது ஒரு படிவம். தலைப்பு: வெளியாருக்கான விண்ணப்பம். நோக்கத்தை இருநூறு வார்த்தையில் எழுத வேண்டும். பரிசீலனைக்கு எட்டு வாரம்.

"சேத்துல நின்னு கால் புண்ணானது எனக்கு. நான் வெளியாளாம்டா தம்பி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆற்றின் பழைய வரைபடமும் அவர்கள் அலமாரியில்தான் கிடக்கிறது. அன்று கப்பலில் போனது, இன்று காற்றில் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் இயக்குநரோ, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. ஒப்பந்தம் முறிஞ்சா எல்லாருக்கும் கஷ்டம்" என்றார். வளைந்து வளைந்தே முதுகு கூனிப்போன மனிதர்.

அக்கா பதினேழு நோட்டுகளையும் வீட்டு மேசையில் அடுக்கினார். கணவர் படிக்கப் படிக்க, இவர் தட்டச்சு செய்தார்.

"மூணா எட்டா? கண்ணாடியைப் போட்டுப் படிங்க."

"உன் கையெழுத்துக்குப் பூதக்கண்ணாடிதான் வேணும்."

கெடுவுக்கு முதல் நாள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம் பேராசிரியரிடமிருந்து தேன் தடவிய கடிதம் ஒன்று வந்தது. வெள்ளத்தில் கருவிகள் மூழ்கிய இரண்டு மாதத்துக்கு அவர்களிடம் அளவே இல்லையாம். கட்டுரை அந்தரத்தில் தொங்குகிறதாம். கருவிகள் மூழ்கிவிட்டன என்று நாங்கள் அப்போதே எழுதினோம், யார் படித்தார்கள்? அக்கா பாலத்தில் நின்று குறித்த அந்தப் பென்சில் நோட்டுகள் உடனே வேண்டுமாம்.

"அனுப்பிடும்மா" என்றார் இயக்குநர்.

"இதோ, இப்பவே சார்."

அக்கா அவர்களுடைய படிவத்தையே எடுத்தார். மேலே இருந்த பல்கலைக்கழகத்தின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைப் பென்சிலால் எழுதி அனுப்பினார். எட்டு வாரம் என்ற வரியை மட்டும் அவர் தொடவில்லை.