உப்பு தின்ன போல்ட்

திண்டிவனத்தில் நான் மெக்கானிக். சில வருஷங்களுக்கு முன், இறுகிய போல்ட் கழட்டும் பேட்டரி மிஷின் வாங்க விழுப்புரம் போனேன். கடைக்காரர் நாலைந்து காட்டினார். "எதுக்கு பலம் அதிகம்?" என்று மட்டும்தான் கேட்டேன்.

மறுநாளே மரக்காணம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் வேலை. படகு இன்ஜினில் நாலு போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. படகுக்காரம்மா மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்.

"ஊறிக்கினு இருக்குது அண்ணே, கொஞ்சம் பொறுங்க. காலைல படகு கடலுக்குப் போவணும்" என்றார்.

கரண்ட் இல்லாத கரையில் புது மிஷினைக் காட்டும் ஆசை எனக்கு. பொறுக்கவில்லை. விசையை முழுசாக அழுத்தினேன். போல்ட்டின் தலை முறிந்து மணலில் விழுந்தது.

"உப்பு தின்னுடுச்சும்மா" என்று சமாளித்தேன்.

அவர் அதை எடுத்து முந்தானையில் துடைத்தார். "நாலு வருஷமா உப்பு தின்னும் உடையலியே அண்ணே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மீதி மூன்றையும் நன்றாக ஊறவிட்டு, ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அவரே கழட்டினார். முறிந்ததைத் துளைபோட்டு எடுத்து நான் முடிக்க மறுநாள் மதியமாகிவிட்டது. மற்ற படகுகள் கரை திரும்பியபோது, அவருடையது மணலிலேயே கிடந்தது.

இப்போதும் மிஷின் வாங்கப் போவதுண்டு. எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்றுதான் முதலில் கேட்கிறேன்.