தழை வைத்த தடம்

இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி நல்லதை மட்டும் எழுது என்று உறவினர்கள் சொன்னார்கள். அக்காவிடம் நல்லதைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. இதில் வரும் கெட்டது வேறொருவருடையது.

எங்கள் வீட்டின் தலைச்சன் பிள்ளையாக ஜவ்வாது மலையில் பிறந்தார் அக்கா. அம்மா சீக்கிரமே போய்விட, என்னையும் தம்பியையும் சாமைக் கஞ்சி ஊற்றி வளர்த்தவர் அவர்தான். ஒருமுறை தம்பி மண்வெட்டியால் காலை வெட்டிக்கொண்டபோது, அவனைத் தோளில் சுமந்தே அடிவாரத்துச் சந்தவாசல் ஆஸ்பத்திரிவரை இறங்கினார். புண் ஆறியது. ஆனால் பெருவிரலுக்கு அடுத்த விரல் தூக்கியபடியே நின்றுவிட்டது, தரையில் படாது.

புளி உலுக்கும் காலத்தில் காட்டுப் பாதையில் முதலில் நடப்பவர் அக்கா. புதுக் கரடித் தடம் கண்டால் அதன்மேல் பச்சைத் தழை ஒடித்துப் போட்டுக் கல்லை ஏற்றுவார். தழை கிடந்தால் அன்றைக்கு அந்தப் பாதையில் யாரும் போகக் கூடாது. இது எங்கள் ஊர் வழக்கம். யார் தழை வைத்தாலும் ஊர் அக்காவைத்தான் கேட்கும்.

அவருடைய கடைசிப் புளிக் காலத்தில் தோப்புப் பாதையில் அடிக்கடி தழை கிடந்தது. வைத்தவன் தம்பி. கேட்டவர்களிடம் அக்கா, "அவன் பாத்தா நான் பாத்த மாதிரிதாங்க" என்றார். ஒரு நாள் என்னோடு போனபோது தழையைத் தூக்கிப் பார்த்தார். நகக் கீறல் இருந்தது. ஆனால் சின்ன விரல் வெளிப்பக்கம் இருந்தது. கரடிக்கு அது உள்பக்கம், மனிதருக்குத்தான் வெளிப்பக்கம். ஒரு விரல் பதியவே இல்லை.

"நம்ம தம்பி காலுடி இது" என்றார் அக்கா.

தன் காலடிமேலேயே குச்சியால் நகம் கீறி, ஊரைத் தடுத்துவிட்டு, பொது மரங்களைத் தனியாக உலுக்கியிருக்கிறான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், சரி. அதற்கு அக்காவின் சொல்லையா காவு கொடுப்பது?

காய்ப்பு காலியானதைக் கண்டு ஊர் திரண்டு வந்தது. "இன்னா அக்கா, கரடியா புளிய உலுக்கிக்கினு போச்சி?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அண்ணி.

நான் வாய் திறக்குமுன், "நாந்தான் தடத்தத் தப்பாப் பாத்துட்டேன்" என்றார் அக்கா. தம்பி அங்கேதான் நின்றிருந்தான். வீட்டில் நான் கத்தினேன். "வுடு, நம்ம வளத்த புள்ள. தெரிஞ்சா ஊரு அவன ஒதுக்கிடும்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அக்கா வைத்த தழையை யாரும் மதிக்கவில்லை. மெய்யான தடத்தின்மேல் அவர் வைத்த தழையைத் தாண்டிப் போன அதே அண்ணியின் தோளைக் கரடி கிழித்தது. அண்ணி பிழைத்தார். அன்று படுத்த அக்கா எழவில்லை.

தோள் கட்டோடு வந்து அக்காவுக்குக் கஞ்சி புகட்டிய அண்ணிக்கும், கண்ணமங்கலம் ஆஸ்பத்திரிவரை அவரை ஜீப்பில் கொண்டுபோனவர்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும் எங்கள் நன்றி. இந்த மலர் தம்பியின் கைக்கும் வரும். படிக்கட்டும்.

பால் தெளிக்கப் போன காலையில், எங்களுக்கு முன்பே யாரோ சமாதிக்கு வந்து போயிருந்தார்கள். ஈர மண்ணில் காலடி. ஒரு விரல் பதியவில்லை. நான் தழை ஒடித்து அதன்மேல் வைத்துக் கல்லை ஏற்றினேன்.

"இன்னா தடம்மா அது?" என்று பதறினார் அண்ணி.

"கரடி இல்ல அண்ணி" என்றேன். "எங்க வூட்டுக் காலு."