ஏசுபாதத்தை நான் திருத்திய விதம்

ஒரு தடவை திருடியவன் மறுபடி திருடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். திருடாமல் இருப்பதை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் இதுவரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

துபாயில் கட்டடம் கட்டுகிற இடங்களில் யார் தலையில் ஹெல்மெட் இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஊர் திரும்பியபின், திருவள்ளூர் நன்னடத்தை அலுவலகத்துக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் குற்றம் என்பதால் ஜெயிலுக்கு அனுப்பாமல், 'ஒழுங்காக இரு' என்று நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்பியவர்களை நாங்கள் கண்காணிக்க வேண்டும். எனக்கு முதலில் வாய்த்தவன் அத்திப்பட்டு ஏசுபாதம். செம்புக் கம்பியைச் சுவரேறிக் கடத்தியவன், இப்போது கும்மிடிப்பூண்டி ரோலிங் மில் ஒன்றில் இரும்புக் கம்பியை கேட் பாஸோடு லாரியில் ஏற்றுகிறான்.

மாதம் ஒரு தரம் பார்த்தால் போதும், மிச்சம் உங்கள் விருப்பம் என்றார் அலுவலர் மேடம். எனக்குப் போதவில்லை. திங்கள்தோறும் அவன் திருவள்ளூர் வரவேண்டும். வாரக் கடைசியில் நான் அவன் வீட்டுக்குப் போவேன். பிள்ளையின் செல்போனைத் திருட்டுத்தனமாகப் பார்க்கும் பெற்றோர்களே, ஊழியர் பாத்ரூம் போனால் கடிகாரம் பார்க்கும் மேனேஜர்களே, என் வியாதி உங்களுக்குப் புரியும்.

சாம்பல் ஆபீசர்

ஏசுபாதத்தின் மானம் போகக்கூடாதே என்று, நான் யார் என்பதை அவன் தெருவில் சொல்லவில்லை. இன் பண்ணிய சட்டையும் கழுத்தில் தொங்கிய அட்டையும் போதுமாக இருந்தன. பக்கத்து அனல்மின் நிலையத்திலிருந்து தெருவெல்லாம் விழும் சாம்பலை விசாரிக்க வந்த அதிகாரி என்று தெருவே முடிவுகட்டிவிட்டது. அடுத்த முறை போனால் வாசலில் கூட்டம். ஒரு அம்மாள் கொடியில் காய்ந்த வேட்டியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக உதறினார். நான் தும்மினேன். அரசாங்கமே தும்மிவிட்டது என்று எல்லோருக்கும் ஏக சந்தோஷம். எப்போது சாம்பலை நிறுத்துவீர்கள் என்று கேட்டார்கள். ஆவன செய்வதாகச் சொல்லித் தப்பித்தேன்.

கூட்டம் கலைந்ததும் ஏசுபாதம் சொன்னான்: "அடுத்த வாரம் வராதிங்க சார். சாம்பல் நிக்கலன்னா உங்கள வுட்டுடுவாங்க, இட்டாந்தவன்னு என்னியத்தான் ஒதைப்பாங்க."

திங்கள்தோறும் ஒரு சாவு

அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரே ரயில். திருவள்ளூரோ வேறு தடம். சென்னைக்குள் போய், ரயில் மாறி, மறுபடி வெளியே வரவேண்டும். என் எதிரில் உட்கார்ந்து "நல்லாகீறேன் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் ஷிஃப்ட் முடிந்திருக்கும். வழக்கு விஷயம் மில்லுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு திங்களும் அவன் ஒரு சொந்தக்காரரைச் சாகடித்து லீவு வாங்கினான். மாமா போனார். சித்தி போனாள். துக்கம் தாளாமல் சித்தப்பாவும் போனார்.

இன்னொரு நாள் வராவிட்டால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். வேலை போகட்டும் என்றுதான் பழைய கம்பிக் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். வீட்டுக்கே வந்து பழைய தொழிலுக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் ஆந்திர எல்லைச் சூளூர்ப்பேட்டைக்காரர், கோபத்திலும் பாசம் குறையாதவர். அவர் கேட்டதை ஏசுபாதம் எனக்கு அப்படியே ஒப்பித்தான்: "நைனா, உன் குடும்பத்துல இன்னும் எத்தினி பேரு பாக்கி? எல்லாரையும் ஒரே நாள்ல முடிச்சுட்டு வந்துடேன்."

பெரியப்பா

சரி, அலைச்சலைக் குறைப்போம் என்று திங்கள் சந்திப்பையும் அவன் வீட்டுக்கே மாற்றினேன். ஷிஃப்டுக்கு முன்னால் ஐந்தே நிமிடம். குடிக்கிறாயா, யாரோடு சேருகிறாய், எதிர்காலத் திட்டம் என்ன என்று நான் கேட்டுக்கொண்டே போனதில் ரயில் போய்விட்டது. பயந்துபோனவன் மில்லுக்கு போன் போட்டு, தன் வீட்டிலேயே பெரியப்பா சீரியஸாகக் கிடக்கிறார் என்று சொல்லிவிட்டான். பக்கத்து மீஞ்சூருக்கு வேறு வேலையாக வந்திருந்த சூப்பர்வைசர், நேரில் பார்த்துவிட்டே போகிறேன் என்றார்.

பைக் சத்தம் கேட்டது. ஏசுபாதத்தின் மனைவி ஸ்டெல்லா என் கழுத்து அட்டையைக் கழற்றி, என்னைப் பாயில் தள்ளி, தாடைவரை போர்வையை இழுத்துவிட்டாள். நேர்மையைப் பற்றி அதுவரை பாடம் எடுத்த வாயால் நான் முனகினேன். சூப்பர்வைசர் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு நின்றார். போர்வை எனக்குக் குட்டை. சாகக் கிடப்பவர் காலில் சாக்ஸ் எதற்கு என்று அவர் யோசிப்பது தெரிந்தது, விரல்களை மடக்கிக்கொண்டேன். அவர் குனிந்து, என் காதோரம் மெல்லச் சொன்னார்: "பெரியவரே, எழுந்தாலும் சரி, போய்ட்டாலும் சரி, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. நீங்க வுட்டாத்தான் இவன் டூட்டிக்கு வருவான்."

அன்றே குணமாகி எழுந்துவிட்டேன். இப்போது மாதம் ஒரு தரம், அவனுக்கு லீவு நாளில், அத்திப்பட்டு ரயில் ஸ்டேஷன் டீக்கடையில் கொஞ்ச நேரம் பேசுவதோடு சரி. வேலை நிலைத்துவிட்டது, கூட்டாளிகளும் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துவிட்டார்கள்.

ஒருவன் மறுபடி திருடப் போகாமல் இருக்கவேண்டுமென்றால், முதலில் அவனை ரயிலைப் பிடிக்க விடவேண்டும்.