செல்வராஜ் அண்ணனும் சனிக்கிழமை மஸ்தானியும்

செல்வராஜ் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, விஷ்ராந்த்வாடி வீட்டில்.

போசரி கம்பெனியில் பதினாறு வருஷம் எனக்கு அடுத்த டேபிள். குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன். அவர் ரிஜெக்ட் செய்த பீஸை மேனேஜரே வந்து கெஞ்சினாலும் பாஸ் பண்ண மாட்டார். அப்படி ஒரு பிடிவாதக்காரர்.

பித்தக்குழாயில் கேன்சர். அபூர்வமான வகையாம். கீமோவுக்கு நோய் கேட்கவில்லை. அவருடைய கட்டியில் இருந்த ஜீன் கோளாறுக்கென்றே ஒரு மாத்திரை, இன்னும் டிரையலில்தான் இருக்கிறது என்றார்கள். கையெழுத்துப் போட்டார்.

முதல் ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது... அண்ணி எனக்கு போன் செய்து அழுதார்.

அந்த மாத்திரை ரத்தத்தில் பாஸ்பேட்டை ஏற்றிவிடும். அதனால் பால், தயிர், கடலை எல்லாம் கட். பருப்பைக்கூட அண்ணி ஸ்பூனில் அளந்துதான் போடுவார்.

சனிக்கிழமைகளில் வாக்கிங் என்று அவரை நான் கூட்டிப்போவேன். ஒருநாள் மஸ்தானிக் கடை வாசலில் நின்றுவிட்டார். பாலும் ஐஸ்கிரீமும் மாம்பழமுமாகப் பெரிய கிளாஸ்...

"ஒரு கிளாஸ்தாம்ல. அதுல என்ன ஆயிரப் போவுது? ஒங்க அண்ணிட்ட மூச்சு விட்ராத."

வாங்கிக் கொடுத்தேன். மீசையைத் துடைத்துக்கொண்டு அவர் சிரித்தாரே, அதற்காக அடுத்த சனியும். அதற்கடுத்த சனியும்.

பாஸ்பேட் ஏறியது. மாத்திரையை நிறுத்தினார்கள். பிறகு டோஸைக் குறைத்தார்கள்.

வெளியில் ஏதாவது சாப்பிட்டாரா என்று டிரையல் சிஸ்டர் கேட்டபோது, "குச் நஹீ சிஸ்டர்" என்று மறுத்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. பாஸ்பேட் ஏறியதெல்லாம் மருந்தின் கணக்கில் போய்விட்டது.

அடுத்த ஸ்கேன் நன்றாக இல்லை.

மஸ்தானியாலா, இல்லை அந்த நோயே அப்படித்தானா... தெரியாது. டாக்டரிடம் கேட்கலாம். கேட்டால் சொல்லவும் வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

இன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "தம்பி, நான் போட்ட பருப்புதான் ஏத்திட்டோ? இன்னும் கொறச்சிருக்கணுமோ?"

அவரைக் கிடத்தியிருந்த ஹாலில், அத்தனை பேருக்கு நடுவில், தலையைக் குனிந்துகொண்டேன். கோழை.

அண்ணி, நாளை நேரில் வந்து சொல்கிறேன். அதற்குள் பயந்து பின்வாங்கிவிடக் கூடாது என்றுதான் எல்லோரும் பார்க்க இங்கே எழுதுகிறேன். அந்த டாக்டரிடமும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பருப்பு இல்லை அண்ணி. வாங்கிக் கொடுத்தது நான்.

அண்ணே... கோபப்படாமல் போயிட்டு வாங்க.