போர்ஹேண்டுக்கு அடிக்கச் சொன்னவர்

எங்கள் யாழ்ப்பாணக் குடும்பங்களில் பெண் பார்ப்பது வீட்டுக் கூடத்தில்தான் நடக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் பினாங்கில் அது பெரும்பாலும் எங்கள் ஆட்களின் சங்கத்து டென்னிஸ் கோர்ட்டில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு குடும்பமும் கித்தான் நாற்காலிகளைப் போட்டு உட்காரும். பெண் விளையாடுவாள். சேலை கட்டி உட்கார வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நாலு பந்து அடிக்கட்டும், குணம் தெரிந்துவிடும் என்பது எங்கள் பெரியவர்களின் கணக்கு. என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். அன்றைக்கு நான் ஜெயித்தேன். கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று சொன்னதற்காக, கோடு பார்த்துக்கொண்டிருந்த அப்பாவோடு எல்லார் முன்னாலும் சண்டையும் போட்டேன். அப்படியும் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை துறைமுக அலுவலகத்தில் கிளார்க். அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி வருவார். சங்கத்தில் ஆட்டத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அவருடைய தங்கை புக்கிட் மெர்தாஜாமில் டீச்சர். பெண்களில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அவளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தான். நானும் பல வருஷமாக அவளோடு மோதித் தோற்று, கை குலுக்கி, வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன்.

சம்பந்தம் பேச ஆரம்பித்த பிறகு அவர் எனக்கும் யோசனை சொல்லத் தொடங்கினார். சர்வ் போடும்போது பந்தை ரொம்பப் பின்னால் தூக்கிப் போடுகிறேனாம். முன்னால் போட வேண்டுமாம். "முதல்ல மோசமாத்தான் போகும். ஒரு வாரம் பொறுத்துக்குங்க" என்றார். மோசமாகத்தான் போனது. வேண்டுமென்றே என் ஆட்டத்தைக் குலைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த வாரம் சர்வ் நன்றாக விழ ஆரம்பித்ததும், பெரிதாக ஏமாற்றுவதற்கு முன்னால் சின்னதாக நம்ப வைக்கிறார் என்று தோன்றியது. ஒரு பாயிண்ட் போனால் எதிராளியை முறைக்காதீர்கள், திரும்பி நடந்துபோய் மட்டையின் நரம்பைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள் என்றார். முறைப்பது தங்கைக்குப் பயமாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் நன்றாக முறைத்தேன்.

அம்மாவுக்கு என்னைத் தெரியும். "நாளைக்கு அவரு தே தண்ணி கலக்கிக் குடுத்தாலும் நீ பூனைக்கு ஊத்திப் பாத்துட்டுத்தான்லா குடிப்பே" என்றாள்.

சும்மா ஒன்றும் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. எங்கள் ஆட்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டே காலை வாரும் கலை நிறைய உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் தேனாகப் பேசி, பிறகு தங்கை பேச்சைக் கேட்டுக்கொண்டு மனைவியை ஒரு மூலையில் உட்கார வைத்த இரண்டு மூன்று மாப்பிள்ளைகளை டத்தோ கிராமாட்டில் எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். அதனால், சம்மதமா என்று அப்பா கேட்டபோது, "போட்டி முடிஞ்சதும் சொல்றேன்பா" என்றேன். அந்த வருஷம் சங்கப் போட்டியில் நானும் அவர் தங்கையும் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தோம். கோப்பைக்காகத் தள்ளிப் போடுகிறேன் என்று அப்பா நினைத்தார். நான் தள்ளிப் போட்டது அந்த மனிதரைச் சோதிப்பதற்காக. அவர் எனக்குச் சொல்லும் யோசனை உண்மையாக இருந்தால் சம்மதம். பொய்யாக இருந்தால் வேண்டாம். அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஃபெரித் துறைக்குப் பக்கத்தில், மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் தமிழ் முஸ்லிம் தேநீர்க் கடை ஒன்றில் அவரைச் சந்தித்தேன். துணைக்கு வந்த அம்மா மரியாதைக்காகத் தள்ளி வேறு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"நாளைக்கு உங்க தங்கச்சியோட ஆட்டம். நீங்க யார் பக்கம்?"

"நான் ஏன் பக்கம் எடுக்கணும்? ரெண்டு பேரும் நல்லா ஆடுங்க."

"அப்படிச் சொல்லித் தப்பிக்காதீங்க. நாளைக்கு நான் உங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா எனக்கு இது தெரியணும்."

அவர் ரொம்ப நேரம் கிளாஸைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"போர்ஹேண்டுக்கு அடிங்க."

நான் சிரித்துவிட்டேன். அவளுடைய போர்ஹேண்ட் பினாங்கு முழுக்கப் பேர் போனது. அதற்குப் பயந்து எல்லாரும் பந்தை பேக்ஹேண்ட் பக்கமே போட்டுத் தோற்போம். "அதுக்கு அடிச்சா அவங்க என்னைக் கோர்ட்டை விட்டே தள்ளிருவாங்களே."

"வேகமா அடிச்சாத்தான் தள்ளுவா. நீங்க மெதுவா வெட்டிப் போடுங்க. பந்து முழங்காலுக்குக் கீழேயே இருக்கணும். வலைக்குக் கிட்டக்க போடுங்க."

"ஏன் அப்படி?"

"காரணம் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் எங்கள் மேசைக்கும் அம்மாவின் மேசைக்கும் காசு கொடுத்தார்.

வீடு வரும்வரை எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. காரணம் சொல்ல முடியாத யோசனை என்ன யோசனை? கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதி என்பதும் இதுவும் ஒன்றுதான். தங்கைக்குக் கோப்பையும் கிடைக்க வேண்டும், என்னிடம் நல்ல பேரும் வாங்க வேண்டும் அவருக்கு. வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூடப் படுக்கையில் அடுக்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. புல் கோர்ட்டில் பந்து எழும்பவே இல்லை. முதல் செட்டில் என் இஷ்டப்படி ஆடினேன். பேக்ஹேண்ட் பக்கமாகவே போட்டேன். எப்போதும்போலத் தோற்றேன். இரண்டாவது செட்டிலும் பின்தங்கியபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எப்படியும் தோற்கத்தான் போகிறேன், அவர் பொய் சொன்னார் என்பதையாவது எல்லார் முன்னாலும் நிரூபித்துவிட்டுப் போகலாம் என்று, ஒரு பந்தை அவளுடைய போர்ஹேண்டுக்கு மெதுவாக, தாழ்வாக வெட்டிப் போட்டேன்.

அவள் ஓடி வந்து குனிந்தாள். பந்து வலையில் போய் விழுந்தது.

தற்செயல் என்று நினைத்தேன். இன்னொன்று போட்டேன். அதுவும் வலையில் விழுந்தது. அடுத்தது கோர்ட்டுக்கு வெளியே வேலிக்குப் போனது. அப்போதும் என் புத்தி அடங்கவில்லை. வரப்போகும் அண்ணிக்கு விட்டுக்கொடு என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்களோ, வேண்டுமென்றே தவற விடுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நடிக்கிறவள் முகம் அப்படி இருக்காது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் உண்மை சொல்லியிருக்கிறார். என் பக்கம்தான் இருக்கிறார். அந்த ஒரு நினைப்பிலேயே கால்கள் தாமாக ஓடின. அதன் பிறகு வேறு எந்தப் பந்தும் நான் போடவில்லை. இரண்டாவது செட்டை எடுத்தேன், மூன்றாவதையும் எடுத்தேன். நாற்காலிகளின் பக்கம் ஒரு தடவை பார்த்தபோது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து வலைக்கருகே வந்தோம். அவள் வலது கையை நீட்டவில்லை, இடது கையை நீட்டினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"அண்ணன் சொன்னாரா?" என்று கேட்டாள். அதுவரை என்னை அக்கா என்று கூப்பிட்டவள் இப்போது அப்படிக் கூப்பிடவில்லை.

நான் அந்த வீக்கத்தைப் பார்த்தேன்.

"சின்னதுல அண்ணன் சைக்கிள்ல என்னை முன்னாடி உக்கார வச்சுப் போனாரு. வளைவுல போட்டுட்டாரு. கை ஒடிஞ்சு, எலும்பு சரியா கூடல. தாழ வர்ற பந்துக்கு மடங்காது, வலிக்கும். அப்பா அவரை அடிப்பாருன்னு நானா ஸ்கூல்ல விழுந்ததாச் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும்தான்லா தெரியும்."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். "நல்லா ஆடுனீங்க, அண்ணி" என்றாள். முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள். அதற்குப் பதில் ஓங்கி அறைந்திருக்கலாம்.

கோப்பையை வாங்கிக்கொண்டு நேராக அவரிடம் போனேன். துணைக்கு யார் வருகிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. "அவங்க கையைப் பத்தி ஏன் என்கிட்ட சொன்னீங்க?"

"கையைப் பத்திச் சொல்லலியே. பந்தைப் பத்தித்தான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஏன் சொன்னீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. "யார் பக்கம்னு கேட்டீங்களே."

நான் வைத்த சோதனையில் அவர் முழுசாகத் தேறிவிட்டார். ஒரு மனிதர் என்னை நம்ப வைப்பதற்காகத் தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைக் கொடுத்திருக்கிறார். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதோடு கூடவே ஒரு பயமும் வந்து உட்கார்ந்தது. தனக்காகப் பொய் சொல்லி அடி வாங்காமல் காப்பாற்றிய தங்கையின் வலியை, இன்னொருத்தி கேட்டாள் என்பதற்காக ஒரு கிளாஸ் தே தண்ணி ஆறுவதற்குள் கொடுத்துவிட்டார். நாளைக்கு வேறு யாராவது கேட்டால்?

அன்று இரவு சாப்பாட்டில் அப்பா மறுபடியும் கேட்டார். வாக்கு என்றால் வாக்குதான், அதை எனக்கு நானே கொடுத்திருந்தாலும். சம்மதம் என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. தங்கையும் பிறகு என்னோடு ஒட்டிக்கொண்டாள். அண்ணனிடம்தான் முன்னைப்போல எதையும் பேசுவதில்லை. இப்போது எனக்கு இடது முழங்கால் சரியில்லை, படி இறங்கும்போது உயிர் போகிறது. ஏன் மெதுவாக வருகிறாய் என்று அவர் கீழே நின்று கேட்பார். செருப்பு வழுக்குகிறது என்பேன்.