அரை நொடி இரைச்சல்

அத்தியா பார்க்கும் வேலை என்னவென்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. ஒலிப்பதிவைச் செல்போனிலேயே வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்கிற ஒரு செயலி. அதில் வரும் கோளாறுகளைத் தேடிச் சரிசெய்வதும், பட்டன்களைக் கைக்கு வாகாக மாற்றி வைப்பதும் அவள் வேலை. கம்பெனி சென்னையில். கொரோனா வந்ததிலிருந்து கள்ளக்குறிச்சி மந்தைவெளிக்குப் பின்னால், அவள் அப்பா வீட்டு மாடியறைதான் ஆபீஸ். ‘பொட்டி தட்டுற பொண்ணு’ என்று சொல்லி முடித்துக்கொண்டோம், அடுத்த வீட்டுக்காரியான நானும்தான்.

வேலையில் பொல்லாத பிடிவாதம். கல்வராயன் மலையில் பாட்டுகளைப் பதிவு செய்கிற ஒருவர், சேமிக்கப் போனால் பக்கத்திலிருக்கும் அழிக்கிற பட்டனில் விரல் பட்டுப் பாட்டே போய்விடுகிறது என்று எழுதினார். கம்பெனியில் சிரித்தார்களாம். இவள் சண்டை போட்டு, இரண்டு பட்டனையும் திரையின் இரண்டு ஓரத்துக்குத் தள்ளிவைத்த பிறகுதான் ஒழுங்காகச் சோறு தின்றாள்.

கணவர் முகம்மது கவுஸுக்குச் சார்ஜாவில் துணிக்கடை வேலை. கல்யாணமான கையோடு ஒரு மாதம் இருந்தார், போனவர் போனவர்தான். நடுவில் விமானம் நின்றது. அப்புறம் முதலாளி லீவு தரவில்லை என்றார். கடையில் இருந்து பேச முடியாதென்று தினமும் குரலைப் பதிந்து அனுப்புவார். ‘சாப்பிட்டியா’ என்ற ஒரு வார்த்தையை இவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். ஏக்கத்தை மறைக்கவும் தெரியாது. கட்டிலில் இன்னும் தான் சுவரோரம்தான் படுப்பதாகவும், அவர் பக்கம் புரள மனசு வரவில்லை என்றும் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த டிசம்பர் அது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் அடிக்கடி மறியல், பஸ் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாது. அந்த வாரம் அவளிடம் ஒரு கோளாறு வந்தது. இரைச்சலை நீக்கினால் பதிவு முழுக்கச் சுத்தமாகிறது, தொடக்கத்தில் அரை நொடி மட்டும் அப்படியே நிற்கிறது. எது இரைச்சல் என்று தெரிந்துகொள்ளச் செயலி தொடக்கத்தைத்தான் கேட்கிறது. கேட்ட இடத்தைத் துடைக்க மறந்துவிடுகிறது.

அதைக் கண்டுபிடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. கவுஸின் பதிவுகளும் இப்போதெல்லாம் அப்படித்தான் தொடங்குகின்றன. பயன்படுத்துகிற ஆள் எண்ணிக்கை கூடட்டும் என்று அவரையும் அந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளச் சொன்னது இவள்தான். தனக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று சுத்தம் செய்து அனுப்புகிறாரே என்று முதலில் பூரித்துப்போனாளாம், பைத்தியம்.

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அந்த அரை நொடிகளை மட்டும் நிதானமாக ஓடவிட்டுக் கேட்டாள். ஒன்றில் லாரி ஹாரன். இன்னொன்றில் கூட்டமாக ‘ஒதுக்கீடு’ என்று முடிகிற கோஷம். மற்றொன்றில் ஒரு கண்டக்டர் ‘கள்ளக்குறிச்சி’ என்று கூப்பிடுகிறார். சார்ஜாவில் எந்த பஸ் கள்ளக்குறிச்சிக்கு வருகிறது?

என்னிடம் ஓடிவந்தாள். கவுஸின் சிநேகிதர் ரவூப் உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓட்டல் வைத்திருக்கிறார். அவருக்குப் போன் போட்டோம். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. துணிக்கடையை மூடிவிட்டார்களாம். வெறுங்கையோடு மாமனார் முகத்தில் எப்படி முழிப்பது என்று கவுஸ் போன மாதத்திலிருந்து அந்த ஓட்டலிலேயே தங்கிக் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறார். வேறு விசா வந்ததும் வீட்டுக்கு வராமல் அப்படியே திரும்பிவிடுவதாக எண்ணம்.

பஸ் இல்லை. என் ஸ்கூட்டியில் கிளம்பினோம். தியாகதுருகம் தாண்டும் வரை நான் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

“திட்டாதீங்கக்கா. எளச்சிப் போயிருப்பாரு,” என்றாள் பின்னாலிருந்து.

இளைத்துத்தான் இருந்தார். இவளைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்தவர், விசா கைக்கு வந்ததும் சொல்லலாம் என்றிருந்ததாகத் தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

“கடலுக்கு அந்தாண்ட இருக்கீங்கன்னுதான் இம்மாம் நாளு பொறுத்துக்கினேன்,” என்றாள் அத்தியா. “நம்மூரு பஸ்ஸு உங்க கண்ணெதிர்லயே நிக்குது. தெனமும் அத்த ஏறாம உட்டீங்களே, எப்படிங்க மனசு வந்துச்சி?”

கவுஸ் எதிரே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார்.

“ஒரு நாளு ஏறிட்டேன்,” என்றார். “நம்ம தெருமொன வரைக்கும் வந்தேன். மாடி ஜன்னலாண்ட காதுல மாட்டிக்கினு இன்னாத்தயோ கேட்டுக்கினு உக்காந்திருந்த. பாத்துட்டுத் திரும்பிட்டேன்.”

அதைக் கேட்டதும்தான் அத்தியா அழுதாள். அன்றைக்கு அவள் கேட்டுக்கொண்டிருந்தது யார் குரலை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஸ்கூட்டிச் சாவியைக் கவுஸிடம் கொடுத்தேன். அவர்கள் இருவரும் கிளம்பிப் போனார்கள். பஸ் ஓடும் வரை நான் ரவூப் கடையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.