ஸ்டர்ஜன் படத்தை அனுப்பியவன்

சண்முகத்தைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான்.

மீன்வளத் துறைக்கு என் பெயர் சொல்லாமல் அந்தப் படத்தை அனுப்பியது இந்தக் கைதான். சீ என்று முகத்தைச் சுளிக்கிறீர்களா? சுளித்துக்கொள்ளுங்கள். உங்கள் யோக்கியதையை எடைபோட நான் வரவில்லை. என்னுடையதைச் சொல்லித் தொலைக்க வந்திருக்கிறேன்.

அவனை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது! ஈரோட்டுக்காரன். கடலையே கல்லூரிச் சுற்றுலாவில்தான் முதன்முதலில் பார்த்தவன். நானோ தூத்துக்குடியில் பிறந்தவன். ஆனால் சேக்ரமெண்டோ ஆற்றில் சொந்தப் படகு ஓட்டியவன் அவன்; அந்தப் படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தவன் நான். எங்கள் ஊர் ஃப்ரீமாண்டில் நாலு தமிழர்கள் கூடினால் போதும், அதைச் சொல்லிச் சிரிப்பான். நானும் கூடச் சிரிப்பேன். வேறென்ன செய்வது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். யாழினி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை...

யாழினி என் ஒரே மகள். அப்போது பதினொன்றாம் வகுப்பு. நான் எதைக் கேட்டாலும் 'ஃபைன்', 'ஓகே' என்று ஒரு சொல்லில் கதவைச் சாத்திவிடுவாள். அதே பெண் படகில் ஏறினால் அவனோடு ஓயாமல் பேசுவாள், தமிழில்! தப்பும் தவறுமாக, ஆனால் தமிழில்.

"அங்கிள், சால்மன் மீன் ஏன் ஆத்துல அவ்ளோ தூரம் மேல போய் முட்டை போட்டுட்டுச் சாகுது? அதுக்குப் பெயின் இருக்குமா?"

அவன் தூண்டிலில் இறாலைக் கோத்துக்கொண்டே பொறுமையாகப் பதில் சொல்வான். அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்த நான், குமட்டலை அடக்கிக்கொண்டு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். பெற்றவனுக்கு வயிறு எரியாதா? சொல்லுங்கள்!

சால்மன் பிடிக்கத் தடை வந்தபின் அவர்கள் ஸ்டர்ஜனைத் தேடிப் போனார்கள். முதுகில் எலும்புத் தகடுகள் பதித்த, ஆளைவிட நீளமாக வளரும் மீன் அது. பிடிக்கலாம், உடனே விட்டுவிட வேண்டும். பெரிய மீனென்றால் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவே கூடாது. சட்டம் அப்படி. சண்முகம் அதில் கறார்.

அன்று யாழினியின் தூண்டிலில் சிக்கியது அப்படியொரு பெரிய மீன். மெல்ல மெல்ல இழுத்துப் படகின் பக்கத்தில் சேர்த்தாள். இருவரும் அதைத் தண்ணீரிலேயே அணைத்துப் பிடித்திருந்தார்கள். நான் கைப்பேசியை எடுத்தேன்.

"ஒரு தடவை மேல தூக்குங்க சண்முகம். முழுசாத் தெரிய வேண்டாமா?"

"வேண்டாமுங்க. இத்தன பெரிய மீனைத் தூக்கக் கூடாதுங்க."

"ஒரே செகண்ட். பொண்ணு முதமுதலாப் பிடிச்சிருக்கா!"

அவன் யாழினியின் முகத்தைப் பார்த்தான். தூக்கினான். எனக்காக அல்ல... அவளுக்காக.

அந்த நொடியிலேயே என் மனத்தில் விஷம் இருந்ததா? எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சட்டம் எனக்கும் தெரியுமே!

திரும்பும் வழியில், ஃப்ரீவேயில், அவள் தானாகவே வாய் திறந்தாள்.

"அப்பா, சண்முகம் அங்கிள் மாதிரி நீங்க ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கறீங்க?"

எத்தனையோ காலத்துக்குப் பிறகு என்னிடம் முழுதாய் ஒரு தமிழ் வாக்கியம் பேசுகிறாள்... அதிலும் அவன் பெயர்!

வீட்டுக்கு வந்ததும் படத்தை அவளுக்கு அனுப்பினேன். பிறகு, அவள் இருந்த பாதியை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் புகாராக அனுப்பினேன்.

வழக்கு வந்தது. அபராதம் கட்டினான்; மீன்பிடி உரிமம் போயிற்று. கிரீன் கார்டுக்கு வருடக்கணக்காகக் காத்திருப்பவன், தன் பெயரில் ஒரு வழக்கா என்று ஆடிப்போனான். படகை விற்றான். டெக்சாஸில் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆம், அப்பாடா என்றுதான்! அதில் பொய் சொல்ல மாட்டேன்.

அவர்கள் கிளம்பிய அன்று யாழினி அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். நான் அனுப்பிய படத்தை, மீன் பிடித்த அன்றே அவள் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாளாம். அதைப் பார்த்துத்தான் யாரோ புகார் செய்துவிட்டார்கள் என்று நம்பிவிட்டாள். அவனிடம் போய் மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். 'உம்மேல தப்பில்ல கண்ணு' என்றானாம்.

"இட்ஸ் மை ஃபால்ட், அப்பா. நான்தான் போஸ்ட் பண்ணேன். நான்தான் அங்கிள் லைஃபை ஸ்பாயில் பண்ணிட்டேன்."

வாயைத் திறந்தேன். சொல்லியிருக்கலாம்... அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவள் தலையை என் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தேன். "போகட்டும்மா. தெரியாமத்தானே செஞ்ச... விடு," என்றேன்.

நான் அவளை மன்னித்தேன்! கேட்டீர்களா? நான்... அவளை!

இப்போது அவள் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிறுதோறும் என்னைக் கூப்பிடுகிறாள். ஆற்றுப் பக்கம் போவதேயில்லை. "அன்னைக்கு நீங்க என்னைத் திட்டவே இல்லப்பா," என்று இன்னமும் நன்றியோடு சொல்கிறாள். "அதெல்லாம் எதுக்கும்மா இப்போ," என்கிறேன். போனை வைக்க மனம் வருவதில்லை; அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.